கீறலைப் பொறுத்துக்கொண்ட தட்டு

குன்னூரில் ஆடி மாதம் பீரோவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். பட்டுச்சேலை, பூச்சி உருண்டை, பழைய காகிதம், எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் பூஞ்சை. போன வாரம் அதற்குள் கைவிட்டு அக்காவின் கல்யாண விசிடிகளை வெளியே எடுத்தேன். 2003-ல் நடந்த கல்யாணம். மொத்தம் மூன்று தட்டுகள். முதலாவதில் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவதில் முகூர்த்தமும் பந்தியும், மூன்றாவதில் வரவேற்பு. மூன்றின் மேலும் மணமக்கள் படம் போட்ட வட்ட ஸ்டிக்கர்.

முதல் தட்டு முழுசாக ஓடியது. இரண்டாவது தாலி கட்டும் வரை ஓடிவிட்டு, அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. மூன்றாவதை உள்ளே போட்டால் டிரைவ் நாலு முறை முனகிவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. இதில் என்னைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. நன்றாக ஓடிய முதல் தட்டின் அடிப்பக்கத்தில்தான் கீறல் அதிகம். சின்னப் பிள்ளைகள் யாரோ அதைத் தரையில் போட்டுச் சுழற்றி விளையாடியிருக்கிறார்கள். செத்துப்போன மூன்றாவது தட்டோ முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிறது.

கீறல் விழுந்தது பிழைத்திருக்க, பளபளப்பது ஏன் செத்தது? சிடியை வடிவமைத்தவர்கள் 1960-களிலும் 70-களிலும் எடுத்த சில முடிவுகளில்தான் இதற்குப் பதில் இருக்கிறது.

ஊசியில் ஆரம்பித்த எரிச்சல்

கிராமபோன் தட்டில் ஊசி பள்ளத்தை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பாட்டு கொஞ்சம் தேயும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரிச்லண்ட் என்ற ஊரில் பேட்டெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ரஸ்ஸலுக்கு இது தீராத எரிச்சல். தேய்மானத்தைக் குறைக்கக் கள்ளிமுள்ளை ஊசியாகப் போட்டுக்கூடப் பார்த்தவர் அவர். உரசாமல் படிக்க வேண்டுமென்றால் ஒளியால்தான் முடியும் என்று 1965 வாக்கில் முடிவுக்கு வந்தார். ஒலியை எண்களாக்கி, எண்களை நுண்ணிய புள்ளிகளாக ஒளிப்படத் தகட்டில் பதித்து, விளக்கடித்துப் படிப்பது அவர் திட்டம். 1966-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1970-ல் கிடைத்தது. அவருக்கு முன்பே 1958-ல் டேவிட் பால் கிரெக் என்பவர், படக்காட்சியை ஒளியால் படிக்கும் தட்டில் வைக்கலாம் என்று யோசித்து, 1961-ல் காப்புரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார்.

இவர்களில் யார் உண்மையான கண்டுபிடிப்பாளர் என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். என் ஓட்டு இருவருக்கும் இல்லை. நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் இந்த வேலையில் இறங்கிய கிளாஸ் கோம்பான், பீட் கிராமர் இருவருக்குத்தான். ஒளி தட்டை ஊடுருவிப் போக வேண்டாம், உள்ளேயிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சில் பட்டுத் திரும்பி வரட்டும், அந்தப் பூச்சுக்கு முன்னால் தெளிவான ஒரு பாதுகாப்பு அடுக்கு இருக்கட்டும் என்ற யோசனை அங்கே பிறந்தது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். என் வீட்டு முதல் தட்டைக் காப்பாற்றியது இதுதான்.

சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். தகவல் அதற்கு மேலே, லேபிள் பக்கத்தில் இருக்கிறது. கீழிருந்து வரும் லேசர் கற்றை பிளாஸ்டிக்கின் அடிப்பரப்பில் நுழையும்போது அரை மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கும். உள்ளே போகப் போகக் குவிந்து, தகவல் இருக்கும் இடத்தில் 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவான புள்ளியாகிவிடும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமீட்டர்). அடிப்பரப்பில் ஒரு தூசியோ முடியோ இருந்தால் அகலமான கற்றையில் அது லேசான நிழல், அவ்வளவுதான். மழை நாளில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்மலையைப் பாருங்கள். கண் மலையில் நிற்கும்போது கண்ணாடியில் ஒட்டிய துளி தெரிவதில்லை. சிடி பிளேயரின் லென்ஸும் அப்படித்தான் பார்க்கிறது.

லேபிள் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே அலுமினியப் பூச்சுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அதற்கு மேல் அச்சு. வேறு காவல் கிடையாது. நாமோ பளபளக்கும் பக்கத்தைக் குழந்தை மாதிரி தாங்கிக்கொண்டு, லேபிள் பக்கத்தை மேஜையில் தேய்த்தோம், பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினோம், ஸ்டிக்கர் ஒட்டினோம். மூன்றாவது தட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மலை ஈரத்தில் ஸ்டிக்கர் உப்பி, சுருங்கி, விளிம்பில் எழும்பியிருந்தது. எழும்பியபோது உள்ளிருந்த பளபளப்பான பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அமாவாசை வானம் மாதிரி பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிந்தது. ஒளி பட்டுத் திரும்ப அங்கே கண்ணாடியே இல்லை. அடிப்பக்கத்துக் கீறலையாவது டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்து மழுப்பலாம், இதற்கு மருந்தில்லை.

தேயிலைத் தோட்டம் அளவுக்கு

தட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? ஒரு சிடியை ஏழரை லட்சம் மடங்கு பெரிதாக்கி, நடுப்புள்ளியை ஊட்டியில் வைப்போம். தட்டு 90 கிலோமீட்டர் அகலம் விரியும். மேற்கே கூடலூரும் கிழக்கே மேட்டுப்பாளையமும் அதற்குள் அடங்கிவிடும். இந்த அளவில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 4 அடி, ஏறத்தாழ தேயிலை வரிசைகளின் இடைவெளி. ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றேகால் அடி அகலத்தில், நாலு விரல்கடை ஆழத்தில் குழிகள். நீளம் மட்டும் மாறும், இரண்டடி முதல் ஏழரை அடி வரை. குழி தொடங்கும் ஓரமும் முடியும் ஓரமும் 1, மற்ற இடமெல்லாம் 0. குழியின் ஆழம் பிளாஸ்டிக்குக்குள் லேசருக்கு இருக்கும் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு என்பதால், குழியிலிருந்து திரும்பும் ஒளியும் பக்கத்துச் சமதரையிலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கும். அந்த மங்கலைத்தான் கருவி படிக்கிறது.

நிஜ அளவில் தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரே சுருளாக உள்ளிருந்து வெளியே போகும் இந்தத் தடத்தை நீட்டிப் போட்டால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். கிராமபோன் தட்டில் ஊசி வெளியிலிருந்து உள்ளே வரும், இங்கே எல்லாம் எதிர்ப்பக்கம். பாதை உள்ளே இருக்கும்போது தட்டு நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும், விளிம்புக்கு வரும்போது 200-க்கு இறங்கிவிடும். லென்ஸ் எதையும் தொடாமல், சின்னக் காந்தச் சுருள்களில் மிதந்துகொண்டே அந்த வரிசையை விடாமல் பிடிக்க வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் டாக்சி ஏறும்போது பாட்டு ஏன் தாவித் தாவிப் போனது என்பது இப்போது புரிந்திருக்கும். பின்னால் வந்த கார் பிளேயர்கள் சில நொடிப் பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் படித்து வைத்துக்கொண்டு சமாளித்தன. மார்கழிக் காலையில் வேறொரு தொல்லை. லென்ஸில் பனி படர்ந்து, உள்ளே தட்டு இருக்கும்போதே ‘நோ டிஸ்க்’ என்று திரையில் வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினால் சரியாகிவிடும்.

இவ்வளவு நுணுக்கத்துக்கு லேசர் வேண்டும். தியோடர் மைமன் 1960-ல் முதல் லேசரை ஒளிரவிட்டார். ஆனால் வீட்டுக் கருவிக்குள் வைக்கிற மாதிரி ஒன்று வர இன்னும் பத்து வருஷம் ஆனது. 1970-ல் லெனின்கிராடில் அல்ஃபெரோவின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரும் சாதாரண அறை வெப்பத்தில் இடைவிடாமல் எரியும் குறைகடத்தி லேசரைச் செய்து காட்டினார்கள். உப்புக்கல் அளவுகூட இல்லாத ஒன்று. அது மலிவாகும் முன்பே அவசரப்பட்டு வந்தது லேசர்டிஸ்க். 1978 டிசம்பரில் அட்லாண்டாவில் விற்பனைக்கு வந்தபோது தட்டு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிசு, 30 சென்டிமீட்டர். பிளேயருக்குள் வாயு நிரப்பிய லேசர்க் குழாய். டிவி நிகழ்ச்சியை அதில் பதிவு செய்யவும் முடியாது. வீடியோ கேசட் ஜெயித்ததில் ஆச்சரியமில்லை.

பிழை வரும் என்று தெரிந்தே

பிலிப்ஸ் 1979 மார்ச் 8-ல் சின்ன இசைத்தட்டு ஒன்றைப் பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. அப்போது விட்டம் 11.5 சென்டிமீட்டர். பிறகு சோனியும் சேர்ந்துகொண்டது. பேச்சுவார்த்தை முடிந்து 1980-ல் ‘ரெட் புக்’ என்ற விதித்தொகுப்பு வந்தபோது விட்டம் 12 சென்டிமீட்டர், நேரம் 74 நிமிடம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுசாக அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் பெரிதாக்கினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பிலிப்ஸ் பொறியாளர்களில் ஒருவரான கீஸ் இம்மிங்க், அதில் வியாபாரக் கணக்கும் இருந்தது என்று பின்னாளில் எழுதினார். பிலிப்ஸின் பங்கு நிறுவனத்துக்கு 11.5 சென்டிமீட்டர் தட்டு செய்யும் ஆலை தயாராக இருந்தது, சோனிக்கு அந்த முன்னிலையைத் தர மனமில்லை. எனக்கு இந்தக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

ஒலியை நொடிக்கு 44,100 முறை அளப்பது என்ற விசித்திர எண்ணுக்கும் இசையோடு நேரடித் தொடர்பு குறைவு. அன்று இவ்வளவு எண்களைச் சேமிக்க வீடியோ ரெக்கார்டர்தான் கைவசம் இருந்தது. டிவி படத்தின் ஒரு கோட்டில் 3 எண், ஒரு புலத்தில் (டிவி ஒரு வீச்சில் வரையும் பாதிப் படம்) 245 கோடு, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் சிடியின் உயிர் இதிலெல்லாம் இல்லை. தூசியும் கைரேகையும் குமிழியும் இல்லாத தட்டை யாராலும் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, பிழையோடு வாழ வழி செய்தார்கள் பாருங்கள், அதில்தான் இருக்கிறது. ஒரு 1 அல்லது ஒரு 0, அதுதான் ஒரு பிட். 192 பிட் இசையை எழுத, தட்டில் 588 பிட் இடம் செலவாகிறது. அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாட்டே இல்லை. லேசர் தடம் தவறாமல் படிக்க உதவும் சங்கேதம், ஒத்திசைவுக் குறி, பிழை திருத்தும் எண்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தைத் தின்கின்றன. எட்டு பிட்டைப் பதினான்கு பிட்டாக மாற்றி எழுதும் சங்கேதம் இம்மிங்கின் வேலை. பிழை திருத்தும் கணக்கு 1960-ல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணிதக்காரர்கள் எழுதியது.

கணக்கின் சாரம் எளிது. 7, 4, 9 என்று மூன்று எண்களை அனுப்பும்போது கூட்டுத்தொகை 20-ஐயும் சேர்த்து அனுப்பினால், நடுவில் ஒன்று அழிந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ரீட்–சாலமன் முறை இதன் பல மடங்கு கெட்டிக்காரத் தம்பி. ஆனால் கீறல் ஒற்றை எண்ணோடு விடாது, ஆயிரக்கணக்கில் சேர்த்து அழிக்கும். அதற்கு இன்னொரு தந்திரம் வைத்தார்கள். கல்யாணத்துக்குக் கீழே இறங்கும் ஒரு குடும்பத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றினால், பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மொத்தக் குடும்பமும் மாட்டிக்கொள்ளும். பஸ்ஸுக்கு ஒருவராக ஏற்றிவிட்டால் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓரிருவர்தான் குறைவார்கள். சிடியில் அடுத்தடுத்த எண்கள் இப்படித்தான் 109 சட்டங்களுக்குள் (மேலே சொன்ன 588 பிட் துண்டுதான் ஒரு சட்டம், ஃபிரேம்) கலைத்து வைக்கப்படுகின்றன. தடத்தின் மேல் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவலே அழிந்தாலும், பிளேயர் மிச்சமிருப்பதை வைத்து முழுசாகத் திரும்பக் கட்டிவிடும்.

தட்டைப் பனியன் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னதற்கும் காரணம் இதுதான். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் திருடும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் 2.5 மில்லிமீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இந்தப் பொறுமைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. கேசட் கெட்டுப்போகும்போது இரைச்சல் ஏறும், குரல் மங்கும். நமக்குத் தெரியும், வேறொன்றில் பதிந்துகொள்வோம். சிடி கெட்டுப்போவதைக் காட்டிக்கொள்ளாது. பிழை நூறிலிருந்து ஆயிரமானாலும் கணக்கு எல்லாவற்றையும் திருத்திப் பளிச்சென்றுதான் காட்டும். திருத்த முடியாத எல்லையைத் தொட்ட அன்று மொத்தமாக விழும். அக்கா 2012 வாக்கில் மூன்று தட்டுகளையும் போட்டுப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று உள்ளே வைத்தாள். அப்போதே அவை பாதி நோயாளிகளாக இருந்திருக்கலாம்.

ஹைப்போ போடாத படம்

1982 அக்டோபர் 1-ல் ஜப்பானில் சோனியின் முதல் பிளேயர் 1,68,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷமே கணினித் தகவலுக்கான ‘யெல்லோ புக்’ வந்து சிடி-ராம் பிறந்தது. இசையில் ஓர் எண் விடுபட்டால் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்பலாம், காது ஏமாறும். வங்கிக் கணக்கில் அப்படி ஊகிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு 2,048 பைட் தகவலுக்கும் கூடுதலாக 276 பைட் திருத்த எண்கள் சேர்ந்தன. அப்படியும் 650 மெகாபைட் கொள்ளளவு அன்றைய ஹார்ட் டிஸ்குகளை வெட்கப்பட வைத்தது.

ஆலையில் அச்சடிக்கும் தட்டில் குழி நிஜமான குழி. கண்ணாடித் தகட்டில் ஒளிக்கு மாறும் பூச்சு தடவி, லேசரால் வெளிச்சம் காட்டி, கழுவி, அதிலிருந்து நிக்கல் அச்சு எடுத்து, உருக்கிய பிளாஸ்டிக்கில் குத்துவார்கள். கல்யாண விசிடி அப்படி வந்ததல்ல. ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்த, ஒருமுறை எழுதும் சிடி-ஆர் வகை. அதில் குழியே இல்லை. சாயப் பூச்சு ஒன்று இருக்கும், எழுதும் லேசர் அதைச் சுட்டுக் கருக்கிவிடும்.

இதை எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது சிரித்தார். அவர் ஊட்டியில் ஃபிலிம் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960-ல் நிறுவப்பட்டு, 1967-ல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போனது. இருட்டில் பூச்சு தடவியே காலம் தள்ளியவர், தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எழுதி முடிச்சதும் மிச்ச சாயத்தைக் கழுவுவாங்களா, தம்பி?”

கழுவ மாட்டார்கள் என்றேன்.

“அப்போ இது ஹைப்போ போடாத படம்.”

ஃபிலிமைக் கழுவும்போது கடைசியில் ஹைப்போவில் போட்டு, ஒளிபடாத வெள்ளி உப்பை நீக்கிவிடுவார்கள். அதன் பிறகு வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் பிடித்து வைத்த ஒளிப்படத் தகடுகளைக் கணினிக்கு மாற்ற முடிந்தது இதனால்தான். சிடி-ஆரில் எழுதாத சாயம் ஆயுள் முழுக்க ஒளிக்கு மசியும் சாயமாகவே இருக்கிறது. எழுதிய லேசர் நொடியில் செய்ததை, ஜன்னல் வெயில் வருஷக்கணக்கில் மெதுவாகச் செய்யும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரும் வலுக்கும் என்பதால் மலையில் இன்னும் மோசம். எங்கள் இரண்டாவது தட்டு நீலப்பச்சை நிறம். சயனின் வகைச் சாயம், வெயில் தாங்காது. பல வருஷம் ஷோகேஸில் ஜன்னலைப் பார்த்து நின்றது. முதல் தட்டு வெளிறிய தங்க நிறம். தாலோசயனின், உறுதியானது. அது பீரோவின் இருட்டிலேயே கிடந்தது.

பூஞ்சையையும் லேசாக நினைக்க வேண்டாம். மத்திய அமெரிக்காவின் பெலிஸில் கெட்டுப்போன ஒரு சிடியை ஆராய்ந்த மாட்ரிட் ஆய்வாளர்கள், பூஞ்சை விளிம்பு வழியாகப் புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அரித்திருப்பதை 2001-ல் காட்டினார்கள்.

விசிடிக்குத் தனியாக ஒரு பலவீனம் உண்டு. 1993-ல் வந்த ‘வைட் புக்’ விதிப்படி, 74 நிமிடப் படத்தைத் திணிப்பதற்காக, கணினித் தட்டில் இருந்த அந்த 276 பைட் கூடுதல் காவலைப் படப் பகுதியில் எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பினார்கள். கட்டம் கட்டமாக உடைவது இதன் பலன். மேற்கத்திய நாடுகளில் இந்த வகையை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. ஆசியாவில்தான் கொடிகட்டிப் பறந்தது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு, நடுவில் எழுந்து மாற்றுவதே இடைவேளை. தமிழில் ‘விசிடி’ என்ற சொல் ‘திருட்டு’ என்ற அடைமொழியோடுதான் அதிகம் புழங்கியது. 2004-ல் குண்டர் சட்டத்தையே திருத்தி அதில் வீடியோ திருடர்களைச் சேர்த்தது தமிழக அரசு. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது திருட்டுக்குச் சரியான பதிலடி. உலகின் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக இருந்த அந்த நொய்டா நிறுவனம் 2018-ல் கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டது.

மீதிக் கதை ஒரே வழியில்தான் போகிறது. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் அரிசியில் பெயர் எழுதித் தருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முனை மெலிய மெலிய எழுத்து கூடும். லேசருக்கு முனை அதன் அலைநீளம். சிடியின் லேசர் 780 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) அகச்சிவப்பு. 1996-ல் வந்த டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு, கொள்ளளவு 4.7 ஜிகாபைட். நீல லேசர் டயோடு மட்டும் பிடிகொடுக்காமல் இருந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா முதலில் நீல எல்இடியையும், பிறகு நீல ஊதா லேசரையும் சாதித்தார். அதில் வந்த 405 நானோமீட்டர் புளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜிகாபைட் பிடித்தது. புள்ளி சிறுக்க, தகவல் அடிப்பரப்பை நெருங்க வேண்டியிருந்தது. சிடியில் 1.2 மில்லிமீட்டராக இருந்த காவல் அடுக்கு புளூ-ரேயில் 0.1-ஆகிவிட்டது. தூசியை மங்கலாக்கிய பழைய தந்திரம் அங்கே பலிக்காது, கடினமான மேல்பூச்சு போட்டுச் சமாளித்தார்கள். அதற்குள் படம் இணையத்தில் வரத் தொடங்கிவிட்டது. எழுதும் வகைப் புளூ-ரே தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

கடைசியில் தட்டுகளை எடுத்துக்கொண்டு குன்னூர் பெட்போர்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே பழைய டிரைவ்கள் நாலைந்து கிடக்கின்றன. ஒன்று படிக்காத தட்டை இன்னொன்று படிக்கும். வேகத்தை 4 மடங்குக்குக் குறைத்து வைத்தார் ஸ்டுடியோத் தம்பி. முதல் தட்டு பத்தொன்பது நிமிடத்தில் பென்டிரைவுக்கு வந்துவிட்டது. மூன்றாவதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்ததும் பேசாமல் திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவதோடு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். சுருள் உள்ளிருந்து வெளியே போவதால் கல்யாணத்தின் கடைசிக் காட்சிகள் தட்டின் விளிம்பில்தான் இருக்கும். விரல் படுவதும் அங்கேதான், தட்டு லேசாக வளைந்திருந்தால் அதிகம் ஆடுவதும் அங்கேதான். தாலி கட்டியது, அட்சதை, மெட்டி எல்லாம் வந்தது. பந்தியில் இலை போடும் இடத்தோடு சரி.

அக்காவுக்குப் போன் போட்டு, பந்தி முழுக்கப் போய்விட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“மூணாவது பந்திக்குச் சாப்பாடே பத்தல. போனா போகட்டும் விடு” என்றாள்.